ஆடி மாசத்தில் கிரகப்பிரவேசம்

ஆம்பூர்,
11.8.2020, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் சோபனாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை ஹேமந்தும், இன்னும் முகம் காட்டாமலே எங்கள் எல்லோரையும் அதட்டி வைத்திருக்கிற உன் வயிற்றுப் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று கெங்கையம்மனை தினமும் கேட்டுக்கொள்கிறேன். அப்பா சௌக்கியம். தோல் டேனரியை பாதி ஆட்களை வைத்து ஓட்டுகிறார்கள், டிரம் செக்ஷனில் பன்னிரண்டு பேர் செய்த வேலையை இப்போது ஆறு பேர் செய்கிறார்கள், ஐம்பத்தேழு வயதில் மறுபடி வாலிபன் ஆகிவிட்டேன் என்று வெளியே பெருமை அடித்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் முதுகுக்குத் தைலம் கேட்கிறார். தினமும் வீடியோவில் முகத்தைப் பார்த்துப் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொல்ல மூன்று தரம் முயற்சி பண்ணினேன். உன் முகத்தைப் பார்த்ததும் என் வாய் கீரை சாப்பிட்டாயா, கால் வீங்கியிருக்கிறதா என்று வேறு பக்கம் ஓடிவிடுகிறது. எழுதினால் ஓட முடியாது பார். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாக போட்டோ எடுத்து அனுப்புகிறேன், நீ முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படி. கதைப் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிற உன் கெட்ட பழக்கத்தை இன்றைக்கு ஒருநாள் விட்டுவிடு.

விஷயம் உன் இருபத்துநாலாம் தேதி டிக்கெட்டைப் பற்றியது. ஆடி போகட்டும், ஆவணி பிறந்ததும் வா என்று நாள் பார்த்துச் சொன்னவள் நான்தான். அறையை ஒழித்து வைத்ததும் நான்தான். அப்பா இரண்டு கோட்டு சுண்ணாம்பு அடித்தார், ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தார், உனக்கு இந்த நேரத்தில் தோல் வாடை குமட்டும் என்று டேனரியிலேயே குளித்து வேறு துணி மாற்றிக்கொண்டு வருவதற்காக ஒரு சந்தன சோப்பும் இரண்டு லுங்கியும் வாங்கி அங்கே வைத்திருக்கிறார். முப்பது வருஷமாக நான் கத்திக் கத்திச் செய்யாத காரியத்தைப் பெண் வருகிறாள் என்றதும் தானாகச் செய்கிறார், அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். இவ்வளவும் செய்துவிட்டு நான் இப்போது எழுதப்போவதை எந்த அம்மாவும் தன் பெண்ணுக்கு எழுதியிருக்க மாட்டாள், அதனால்தான் இந்தச் சுற்று சுற்றுகிறேன்.

நீ ஜூலை மாசம் எனக்கு ஒரு பாடம் எடுத்தாயே, ஞாபகம் இருக்கிறதா. புனேயில் உன் ஆபீசில் நீ தினமும் சாயங்காலம் உட்கார்ந்து ஜில்லா வாரியாக எண்ணிக்கையை எழுதி, எந்த ஊரில் நோய் எத்தனை நாளில் இரட்டிக்கிறது என்று அட்டவணை போடுகிறாய். டிவியில் இன்றைக்கு இத்தனை பேர் என்று சொல்வதைக் கேட்டுப் பயப்படாதே அம்மா, எத்தனை நாளில் ஒன்று இரண்டாகிறது, இரண்டு நாலாகிறது என்பதை மட்டும் பார் என்றாய். நான் இட்லி மாவு மாதிரியா என்று கேட்டேன், நீ சிரித்து ஆமாம் என்றாய், அரைக் குண்டானாக இருக்கும்போது யாரும் கவலைப்படுவதில்லை, அடுத்த தடவை பார்க்கும்போது தரையில் வழிந்திருக்கும் என்றாய். எனக்கு அது நன்றாகப் புரிந்தது. புனேயில் பத்து நாளில் இரட்டிக்கிறது, நம் பக்கம் திருப்பத்தூர் ஜில்லாவிலும் வேலூர் ஜில்லாவிலும் முப்பது நாளைத் தாண்டி பத்து நாள் அப்படியே நின்றால் டிக்கெட் போடுவேன் என்று நீ ஒரு கணக்கு வைத்தாய். அன்றிலிருந்து எனக்கு தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் உன் மெசேஜுக்குக் காத்திருப்பதுதான் வேலை. பதினெட்டு. இருபத்தொன்று. இருபத்தாறு. நீ முப்பத்திமூன்று என்று அனுப்பிய அன்றைக்கு நான் கேசரி கிளறினேன்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். ஷூ கம்பெனியில் என் டைம் ஆபீஸ் வேலை உனக்குத் தெரியும், வருகிறவர்களுக்கு ஹாஜர் போடுவது, வராதவர்களின் லீவு லெட்டரை வாங்கி ஃபைலில் வைப்பது. அதோடு சம்பளம் இல்லாத இன்னொரு வேலையும் பதினாலு வருஷமாகச் செய்கிறேன், தையல் செக்ஷன் பெண்களுக்கு லீவு லெட்டர் எழுதிக் கொடுப்பது. சாப்பாட்டு நேரத்தில் என் மேஜைக்கு வந்து நிற்பார்கள், என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதாம், அதைப் பார்த்தால் மேனேஜர் மறுக்க மாட்டாராம். எனக்கும் அதில் ஒரு கர்வம் உண்டு. ஜூன் மாசம் கம்பெனி மறுபடி திறந்ததிலிருந்து ஒரு புது விதி வந்தது. காய்ச்சல், இருமல், உடம்பு வலி என்று யார் எழுதினாலும் உடனே டெஸ்டுக்கு அனுப்புவார்கள். டெஸ்டில் வந்துவிட்டால் இவளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போவார்கள், வீட்டில் இருக்கிறவர்களைப் பள்ளிக்கூடத்தில் அடைப்பார்கள், தெரு முனையில் தகரம் அடிப்பார்கள், அந்தத் தெருவில் இருக்கிற எல்லோருக்கும் வேலை போய்விடும், எல்லோரும் இவளைத்தான் திட்டுவார்கள். முதலில் வந்தது மோகனா, பேரணாம்பட்டுக்குப் பக்கத்துக் கிராமம், கல்யாணமாகி இரண்டு வருஷம், உன்னைவிட இரண்டு வயது சின்னவள். அக்கா, உடம்பு அனலாகக் கொதிக்கிறது, ஆனால் வேறு ஏதாவது காரணம் போட்டு எழுதுங்கள் என்று கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றாள். நான் எழுதினேன். வீட்டில் விசேஷம் என்று எழுதினேன். அதற்குப் பிறகு குமாரி அக்கா எழுதித் தருகிறார்கள் என்று பேச்சு பரவிவிட்டது.

பிறகு தினமும் ஒன்று இரண்டு என்று வந்தார்கள். ஒரே காரணத்தை எத்தனை பேருக்கு எழுதுவது. ஒருத்திக்கு நாத்தனார் நிச்சயதார்த்தம், ஒருத்திக்கு அண்ணன் கல்யாணம், ஒருத்திக்கு மஞ்சள் நீராட்டு விழா, இரண்டு பேருக்கு கிரகப்பிரவேசம். மழையில் நனைந்த ஜுரம்தான், ஆடிக் காற்றில் பிடித்த சளிதான், வீட்டில் படுத்தால் சரியாகிவிடும், பாவம் பிழைக்கிற பெண்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது நான் சொல்லப்போவதை நீ மன்னிக்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு, இரண்டாம் தேதி, நீ முப்பத்திமூன்று அம்மா, பத்து நாளாக இறங்கவே இல்லை, டிக்கெட் போடட்டுமா என்று கேட்டாயே, அன்றைக்கு வரைக்கும் இந்தக் கை பதினைந்து லெட்டர் எழுதியிருந்தது. அதெல்லாம் உன் அட்டவணையில் வராத ஜுரம் என்பது எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பொய். தெரியும். தெளிவாகத் தெரியாது, ஆனால் தெரியும். நீ வரவேண்டும் என்கிற ஆசை அதன் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டது. நான் வா கண்ணு என்றேன். நீ போனை வைத்ததும் அப்பா குழந்தை மாதிரி கை தட்டினார்.

அதற்கு இரண்டு நாள் கழித்து செவ்வாய்க்கிழமை, பர்சனல் மேனேஜர் வக்கார் அகமது சார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நீ அவரைப் பார்த்திருக்கிறாய், உன் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் உட்காராமல் பரிமாறிக்கொண்டிருந்தாரே, அவர்தான். மேஜைமேல் என் லெட்டர் ஐந்தாறு வரிசையாக வைத்திருந்தார். என்னை உட்காரச் சொன்னார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார், ஒரு லெட்டரை என் பக்கம் தள்ளினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "குமாரிம்மா, ஆடி மாசத்துல யாரும்மா கிரகப்பிரவேசம் பண்றாங்க? முப்பது வருஷமா இந்த கம்பெனில இருக்கேன், ஆடில லீவு கேட்டு வந்தா அது கூழு ஊத்தறதுக்குத்தான். இங்க பார்த்தா நிச்சயதார்த்தம், கல்யாணம், ரெண்டு வீடு வேற குடி போறாங்க." ஆடியில் நல்ல காரியம் செய்யக்கூடாது என்று உனக்கு நாள் குறித்துக் கொடுத்தவள், அதே ஆடியில் ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கல்யாணமும் குடிபோவதும் எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஒரு தடவைகூட எனக்கு உறைக்கவில்லை. அதைக் கண்டுபிடித்தது பஞ்சாங்கமே பார்க்காத ஒரு பாய். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது, சிரிக்க ஆரம்பித்து அழுதுவிட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் திட்டவில்லை, தேநீர் வரவழைத்தார், மொத்தம் எத்தனை லெட்டர் என்று கேட்டார். ஃபைலை எடுத்துவந்து எண்ணினோம், இருபத்திரண்டு. அவர் ஊர் வாரியாகப் பிரித்தார். ஒரு கிராமத்தில் இரண்டு, ஒரு கிராமத்தில் ஒன்று, இன்னொன்றில் மூன்று, இப்படிப் பதினோரு ஊர், அதிலும் பேரணாம்பட்டுப் பக்கம் இருப்பதெல்லாம் வேலூர் ஜில்லா, இந்தப் பக்கம் இருப்பதெல்லாம் போன வருஷம் பிரித்தபிறகு திருப்பத்தூர் ஜில்லா. பரவலாகத்தானே இருக்கிறது, ஒரு இடத்திலும் ஜாஸ்தி இல்லையே என்று அவருக்குக் கொஞ்சம் நிம்மதி. எனக்கு அப்போது உன் பாடம் ஞாபகம் வந்தது. டைம் ஆபீசில் நாங்கள் யாரையும் ஊர் வைத்து ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை, கம்பெனி பஸ் நம்பர் வைத்துத்தான். பஸ் லேட்டாக வந்தால் அதில் வந்த எல்லோருக்கும் மொத்தமாக ஹாஜர் போடவேண்டும், அதற்காக ஒவ்வொரு கார்டிலும் பஸ் நம்பர் இருக்கும். சார், இதை பஸ் வாரியாகப் பிரித்துப் பார்க்கலாம் என்றேன். பிரித்தோம். இருபத்திரண்டு லெட்டரும் நாலாம் நம்பர் பஸ்.

அந்த பஸ்ஸில் ஐம்பத்திநாலு பேர் வருகிறார்கள் சோபனா. ஒன்றேகால் மணி நேரம், ஆடிக் காற்றுக்கும் மண்ணுக்கும் பயந்து ஜன்னலை எல்லாம் மூடிக்கொண்டு. தேதி வாரியாக அடுக்கினேன். ஆடி பிறந்த வாரம் இரண்டு லெட்டர். அடுத்த வாரம் நாலு. அதற்கடுத்த வாரம் ஒன்பது. போன வாரம் திங்கள், செவ்வாய் இரண்டே நாளில் ஏழு. ஏழு நாளைக்கு ஒருதரம் இரட்டிக்கிறது. உன் அட்டவணை இரண்டு ஜில்லாவுக்கும் முப்பதுக்கு மேல் என்று சொல்லிக்கொண்டிருந்த அதே நாட்களில் என் மேஜையில் ஏழு. உன்மேல் தப்பு இல்லை. பாதி ஒரு ஜில்லாவில், பாதி இன்னொரு ஜில்லாவில், அதிலும் ஒருத்திகூட டெஸ்ட் எடுக்கவில்லை, நீ எங்கிருந்து பார்ப்பாய். மறைத்து வைத்தது நான். வக்கார் சார் அந்தத் தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனார், அங்கிருந்தே நகராட்சி சுகாதார ஆபீசுக்கு போன் போட்டார். அவருக்கும் இதில் எவ்வளவு கெட்ட பேர் வரும் என்று அவருக்குத் தெரியும், இருந்தாலும் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடவில்லை.

மறுநாளே பஸ்ஸை நிறுத்தினார்கள். ஊர் ஊராக வேன் போய் அந்த ஐம்பத்திநாலு பேருக்கும் மூக்கில் குச்சி விட்டார்கள். வெள்ளிக்கிழமை வந்த முடிவில் முப்பத்தொரு பேருக்கு இருக்கிறது. மோகனாவின் மாமனாருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்து நாலு நாளாக வீட்டிலேயே வைத்திருந்திருக்கிறார்கள், வேன் போனதால்தான் அவரைத் தூக்கிவந்து ஆக்சிஜன் வைத்தார்கள், இப்போது பரவாயில்லை, நேற்று கஞ்சி குடித்தாராம். ஆனால் அன்றைக்கு மோகனா எனக்கு போன் செய்து உங்களை நம்பித்தானே சொன்னேன் அக்கா, எங்கள் தெருவையே அடைத்துவிட்டார்களே என்று கேட்டாள், பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். தையல் செக்ஷன் முழுக்க குமாரி அக்கா எழுதியும் கொடுத்தாள், காட்டியும் கொடுத்தாள் என்று பேச்சு. இரண்டும் உண்மைதான், நான் யாரிடம் சண்டைக்குப் போவது. முதல் நாளே அவளை உட்காரவைத்து, தைரியம் சொல்லி, டெஸ்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் இரண்டோடு நின்றிருக்கும். நான் நல்லவளாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு செய்த காரியம் இது, அதுதான் மனசைப் போட்டு அறுக்கிறது.

அடுத்தது சனிக்கிழமை. இதை நிதானமாகப் படி, எழுந்து நடக்காதே, உட்கார்ந்த இடத்திலேயே படி. அன்றைக்கு நல்ல மழை, அப்பா சந்தன சோப்பு, லுங்கி எல்லாவற்றையும் மறந்துவிட்டு டிரம்மிலிருந்து அப்படியே நனைந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நேராக அடுப்பங்கரை வாசல் வரைக்கும் வந்து நின்றார். நான் பாட்டுக்கு ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன், நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருங்கள், டீ போடுகிறேன் என்றேன். அவர் உட்காரவில்லை. "இன்னா குமாரி, இன்னிக்கு திட்டலையா?" என்றார். அப்போதுதான் கவனித்தேன். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக உங்கப்பா மேல் எந்த வாடையும் இல்லை. ரசத்தில் போட்ட பெருங்காயமும் இல்லை. காபிப் பொடி டப்பாவைத் திறந்து மூக்கில் வைத்துப் பார்த்தேன், அவரும் பார்த்துக்கொண்டே நின்றார். அவருடைய ஈரச் சட்டையை வாங்கி முகத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன், கண்ணு. அந்த நாற்றம் ஒரு துளியாவது வந்துவிடக்கூடாதா என்று ஏங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே மூடிக் கிடந்தது, நேற்று காலையில் போய் இரண்டு பேரும் டெஸ்ட் கொடுத்தோம். அங்கே விலாசம் எழுதுகிற பெண் ஆதார் கார்டு கேட்டாள். நம் கார்டில் இன்னும் வேலூரில் இருந்த பழைய சத்துவாச்சாரி வீட்டு விலாசம்தான் இருக்கிறது, மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று ஒன்பது வருஷம் ஓடிப்போச்சு. அப்பா என் காதருகில், சத்துவாச்சாரி என்றே இருக்கட்டும், நம் தெருவில் தகரம் அடிக்க மாட்டார்கள், பக்கத்து வீட்டு ஜஹீருன்னிசா அம்மாவின் கடையும் மூட வேண்டியிருக்காது என்றார். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார், நான் மோகனாவுக்கு எழுதின அதே நல்ல மனசு. அப்படிச் சொல்லியிருந்தால் நான் வேலூர் கணக்கில் ஏறியிருப்பேன், திருப்பத்தூர் கணக்கில் ஒன்று குறைந்திருக்கும், நீ அதைப் பார்த்து அம்மா ஊர் தேவலை என்று நினைத்திருப்பாய். நான் கார்டைத் திரும்ப வாங்கி பையில் வைத்துக்கொண்டு, நான் படுத்து எழுந்திருக்கிற வீடு ஆம்பூரில் இருக்கிறது, அதை எழுதிக்கொள் என்று தெருப் பெயரும் கதவு நம்பரும் சொன்னேன். வந்ததும் ஜஹீருன்னிசா அம்மாவிடம் வாசலில் தள்ளி நின்றே விஷயத்தைச் சொன்னேன், கோபித்துக்கொள்வார் என்று பார்த்தேன், கடை கிடக்கிறது, நீ முதலில் வெந்நீர் குடி என்றார்.

இன்றைக்குக் காலையில் முடிவு வந்தது. அப்பாவுக்கு இல்லை. எனக்கு இருக்கிறது. லேசான ஜுரம்தான், விரலில் மாட்டிப் பார்த்தார்கள் தொண்ணூற்றேழு காட்டியது, மூச்சில் ஒரு கோளாறும் இல்லை, படி ஏறி இறங்கியும் பார்த்துவிட்டேன். சாயங்காலம் வேன் வந்து ஒரு காலேஜ் ஹாஸ்டலுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள், பத்து நாளில் விட்டுவிடுவார்களாம். இந்தக் கடிதத்தை உனக்கென்று சுண்ணாம்பு அடித்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். அப்பா வெளியே நின்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் இருக்கியா என்று கேட்கிறார், எங்கே போய்விடுவேன் என்று அதட்டினேன், அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அவரிடம் நீ அடிக்கடி பேசு. மூன்று விசிலில் அடுப்பை நிறுத்தச் சொல், அவர் சோற்றைக் களியாக்கிவிடுவார்.

இப்போது அந்த வார்த்தை. நீ வராதே சோபனா. இதைக் கேட்டதும் என்னைப் பார்த்துக்கொள்ள ஓடிவரத் தோன்றும், அதற்காகத்தான் முன்கூட்டியே கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன், டிக்கெட்டை இன்றைக்கே ரத்து செய். முதல் பிரசவம் அம்மா வீட்டில் என்பது நம் வீட்டில் தவறினதே இல்லை. என் அம்மா எனக்கு வெந்நீர் ஊற்றினாள், உன்னைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினாள், நான் உனக்குச் செய்ய வேண்டும் என்று இருபத்தெட்டு வருஷமாகக் காத்திருக்கிறேன். எனக்கு அது கிடைக்கவில்லை, நீ எனக்காகவும் சேர்த்துக் கொஞ்சம் அழுதுவிட்டு எழுந்து முகம் கழுவிக்கொள். மாப்பிள்ளைக்கு ரசம் வைக்கத் தெரியும் என்றாயே, மீதியை நான் போனில் சொல்லித் தருகிறேன், அவர் கூச்சப்படாமல் கேட்கட்டும். மேல் மாடி மராத்தி அம்மா, பிரசவத்துக்கு நான் கூட வருகிறேன், வெந்தய லட்டு பிடித்துத் தருகிறேன் என்று சொன்னாராமே, கசக்கும் என்று நீ முகத்தைச் சுளிக்காதே, அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொள், நான் அந்த அம்மாவுக்கு என்றைக்காவது ஒரு நல்ல பட்டுப்புடவை எடுத்துத் தருவேன். இடது பக்கமாக ஒருக்களித்துப் படு. மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே. உன் வளைகாப்புக்கு வாங்கின கண்ணாடி வளையலை நான் இங்கேயே எடுத்து வைத்திருக்கிறேன், உடைகிற சாமான், தபாலில் அனுப்ப மனசு வரவில்லை, பிள்ளையோடு வரும்போது போட்டுவிடுகிறேன்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு போன் வந்தது, மோகனா. அந்த ஹாஸ்டலில்தான் அவளும் இருக்கிறாள், லிஸ்டில் என் பேரைப் பார்த்திருக்கிறாள். ஹலோ சொல்லவில்லை, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. "என் பக்கத்து கட்டில் காலியாத்தான் இருக்குது, வந்துடுங்க. வரும்போது ஒரு பக்கெட் எடுத்தாந்துடுங்கக்கா, இங்க பக்கெட்டுக்குதான் ரொம்ப பேஜாரு" என்றாள். சரி என்றேன். மன்னித்துவிட்டாளா என்று தெரியவில்லை, ஆனால் நீலப் பக்கெட்டைத் தேய்த்துக் கழுவி வாசலில் வைத்துவிட்டேன், அதில் சீப்பு, தைலம், இரண்டு சேலை, கபசுரப் பொடி, மோகனாவுக்கும் சேர்த்து ஒரு சோப்பு.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். பிள்ளை ஆணோ பெண்ணோ, முழுசாக அழுதுகொண்டு பிறக்க வேண்டும், அந்த அழுகையை எனக்கு போனில் கேட்க வைக்க வேண்டும். வேன் ஹாரன் கேட்கிறது, முடிக்கிறேன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நாளைக்கு சாயங்காலம் எண்ணிக்கை வந்ததும் நீ பயந்துகொண்டு கம்ப்யூட்டரை மூடிவிடாதே, உட்கார்ந்து உன் அட்டவணையைச் சரியாகப் போடு. திருப்பத்தூர் கட்டத்தில் நாளைக்கு ஏறுகிறதில் ஒன்று நான். அம்மாவாயிற்றே என்று விட்டுவிடாமல் என்னையும் சேர்த்து எண்ணு.

இப்படிக்கு,
உன் அம்மா
வி. விஜயகுமாரி